மெய்நிகர் இயந்திரக் காப்புநகல்களைச் சிதைத்த வழு

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் பல கணினிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைப்பதே மெய்நிகர் இயந்திரம் ஆகும். இக்கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலேயே விஎம்/370 என்ற இயக்க முறைமையை அறிவித்தது. ஆனால் அது பெருங்கணினிகளுக்கு உரியது. 1998 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம்தான் இதைச் சாதாரணக் கணினிகளுக்கும் சர்வர்களுக்கும் கொண்டுவந்தது.

மெய்நிகர் இயந்திரத்தின் வன்தட்டு உண்மையில் ஒரு பெரிய கோப்பு மட்டுமே. அதை அப்படியே நகலெடுத்து வைத்தால் முழு இயந்திரமும் கையில் இருப்பதற்குச் சமம். ஆனால் 500 ஜிபி கோப்பை ஒவ்வோர் இரவும் முழுவதுமாக நகலெடுப்பது எளிதன்று. இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் விடிவதற்குள் வேலை முடியாது. மாறிய பகுதியை மட்டும் நகலெடுக்கலாம் என்றாலும், எது மாறியது என்று அறிய முழுக் கோப்பையும் படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

2009 இல் வெளிவந்த விஸ்பியர் 4 இதற்கு வழி கண்டது. வன்தட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் புதிதாக எழுதப்பட்டது என்பதை மென்பொருளே ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொள்ளும். காப்புநகல் மென்பொருள் வந்து கேட்டால் அந்தப் பட்டியலைக் கொடுக்கும். இதற்கு மாறிய தொகுதித் தடமறிதல் என்று பெயர்; சிபிடி என்று சுருக்கமாகச் சொல்வர். இரவு முழுதும் ஓடிய வேலை சில நிமிடங்களில் முடிந்தது. காப்புநகல் மென்பொருள்கள் பலவும் இதையே நம்பத் தொடங்கின.

மதிப்பெண் பதிவேடு எழுதியவர்களுக்கு இது எளிதில் புரியும். பதிவேட்டின் எந்தப் பக்கங்களைத் திருத்தினோம் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைக்கிறோம். மாலையில் அந்தப் பக்கங்களை மட்டும் இரண்டாம் பதிவேட்டில் புதிதாக எழுதுகிறோம். சீட்டில் ஒரு பக்க எண் விடுபட்டால் என்ன ஆகும்? இரண்டாம் பதிவேட்டில் அடித்தல் இருக்காது, கிழிசலும் இருக்காது. பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். ஒரு மாணவனின் பழைய மதிப்பெண் மட்டும் அதில் நின்றுவிடும்.

2014 இன் இறுதியில் தெரியவந்தது இத்தகைய பிழைதான். சிபிடி செயலில் இருக்கும்போது வன்தட்டின் அளவை 128 ஜிபி என்ற எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால், அதன்பின் சிபிடி தரும் பட்டியல் தவறாக இருக்கக்கூடும். 256, 512, 1024 என இரட்டித்துச் செல்லும் எல்லைகளிலும் இதே நிலைதான். இடம் போதவில்லை என்று 100 ஜிபி தட்டை 150 ஆக்குவது நிர்வாகிகள் அன்றாடம் செய்யும் வேலை. இந்த வழு 4 ஆம், 5 ஆம் பதிப்பு வரிசைகள் இரண்டிலும் இருந்தது. அதாவது ஐந்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

ஏன் படவில்லை என்பதே இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம். காப்புநகல் மென்பொருள் ஒவ்வோர் இரவும் "வெற்றி" என்றே அறிவித்தது. அதில் பொய்யும் இல்லை. கொடுக்கப்பட்ட பட்டியலில் இருந்தவற்றை அது பிசகாமல் நகலெடுத்தது. சரிபார்ப்புத் தொகை போட்டுப் பார்த்தாலும் பொருந்தும், ஏனெனில் அந்தத் தொகை நகலை நகலோடுதான் ஒப்பிடுகிறது, மூலத்தோடு அன்று. சர்வர் பழுதாகி நகலை மீட்டெடுக்கும் நாளில்தான் குறை வெளிப்படும். அன்று மூலமும் கையில் இருக்காது.

தற்காலிகத் தீர்வு எளியது. சிபிடியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, ஒரு முழு நகலைப் புதிதாக எடுக்க வேண்டும். பின்னர் பேட்ச் எனப்படும் திருத்தங்களும் வந்தன. ஆனால் எந்தத் திருத்தமும் முன்பே எடுக்கப்பட்ட நகல்களைச் சரிசெய்யாது.

இத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. 2015 இல் வந்த 6.0 பதிப்பில் வேறொரு வழு இருந்தது. நகலெடுப்புக்காக உருவாக்கிய ஸ்னாப்ஷாட்டை மீண்டும் மூலத் தட்டோடு இணைக்கும் வேளையில் இயந்திரம் எதையாவது எழுதினால், அம்மாற்றத்தைச் சிபிடி குறிக்கத் தவறியது. முந்தைய வழுவுக்குத் தட்டைப் பெரிதாக்குதல் என்ற காரணமாவது இருந்தது. இதற்கு அதுவும் வேண்டியதில்லை. அவ்வாண்டு நவம்பரில் திருத்தம் வெளியானது.

நகலை உண்மையிலேயே இயக்கிப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை. வீம் நிறுவனம் 2010 இலேயே, நகலிலிருந்து இயந்திரத்தைத் தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் தானாக இயக்கிச் சோதிக்கும் வசதியைத் தந்திருந்தது. ஆயினும் இயந்திரம் எழுந்து நின்றுவிட்டால் போதும் என்று கொள்வது என் பார்வையில் தவறு. சிதைந்த தொகுதி ஒரு பழைய தரவுத்தளக் கோப்பின் நடுவில் இருக்கலாம். இயந்திரம் தொடங்கும்போது அதை யாரும் தொடுவதில்லை. எனவே தரவுத்தளத்தின் உள்சோதனையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

காப்புநகல் இருக்கிறது என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு நிகழ்வு உண்டு. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். நகலைத் தேடினால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. அதனால் நகலெடுப்பு தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு மட்டும் திரும்பி வரவில்லை.