நரம்பு என்றால் சுரம்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் தாண்டித் தெற்கே போனால், கடலுக்கும் கழிக்கும் நடுவே இடைக்கழிநாடு வருகிறது. இன்று அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பேரூராட்சி. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழி நாட்டு நல்லூர்க்காரர். அவருடைய பாணன் கையில் இருப்பது சீறியாழ். அதன் தண்டில் இறுகக் கட்டிய வார்க்கட்டான திவவைப் பற்றிச் சொல்ல வரும்போது, குரங்கின் பிடியில் பாம்பு நெகிழ்வதையும் இறுகுவதையும் காட்டுகிறார் புலவர். யாழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் இந்த உவமை தோன்றும்.

அந்தத் திவவு பிடித்து நிறுத்துவது நரம்பை. உடம்பில் ஓடுவதும் நரம்பு, முறுக்கி யாழில் கட்டியதும் நரம்பு. கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு, மலையாளத்தில் ஞரம்பு என இது தென்மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்புக்கு நான்கு குற்றம் சொன்னார்கள். சீவக சிந்தாமணியில் சீவகன் நரம்பின் புரியைப் பிரித்து, உள்ளே இருந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான்.

பழந்தமிழில் நரம்பு என்பதற்குச் சுரம் என்றும் பொருள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழும் ஏழு நரம்புகள். ச ரி க ம ப த நி என்று இன்று பொருத்திச் சொல்கிறோம். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. குரலுக்கு இளி கிளை, இளிக்குத் துத்தம் கிளை. சுரங்களின் பொருத்தத்தை உறவுமுறையாகவே கண்டிருக்கிறார்கள். மாணவர் மனத்தில் தங்க இதைவிட நல்ல சொற்களை நான் பார்த்ததில்லை.

இந்தப் பொருள் ஏன் வழக்கொழிந்தது? யாழில் ஒரு நரம்புக்கு ஒரே ஒலி. அதனால் நரம்பின் பெயரே சுரத்தின் பெயராக நின்றது. வீணையில் ஒரே தந்தி, மெட்டுக்கு மெட்டு வேறு சுரம் தருகிறது. கருவி மாறியதும் கம்பிக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சொல் தேவைப்பட்டது என்பதே என் முடிவு. கம்பி தந்தியாயிற்று, ஒலி சுரமாயிற்று, நரம்பு மருத்துவரிடம் போய்விட்டது. இசையில் அது மிஞ்சி நிற்பது 'நரம்புக் கருவி' என்ற வகைப்பெயரில்தான். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' இல்லையென்றால் கிளை, நட்பு என்ற அந்த நரம்புக் கணக்கும் நம் கையைவிட்டு வெகுதூரம் போயிருக்கும்.

பாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரளி வரிசை தொடங்கும் முன் தம்புராவை மீட்டிக் காட்டுங்கள். பஞ்சமத்தில் சுருதி கூட்டிய முதல் தந்தி இளி. அடுத்த மூன்றும் குரல். குரலுக்கு இளி கிளை என்று சொல்லிக்கொடுங்கள்.