நீறும் நீரும்: முக்கடல் அணையும் அதன் சூழலும்



இறைவனுடைய எட்டு வடிவங்களுள் நீரும் ஒன்று என்பது சைவ நூல்களின் துணிபு. திருவானைக்காவில் அப்பெருமான் அப்புலிங்கமாகவே எழுந்தருளியுள்ளான். திருக்குடமுழுக்கு என்பதும் மந்திரத்தால் தூயதாகிய நீரை விமானக் கலசத்தின்மேல் சொரிவதேயாம். ஆதலின், நமக்குக் குடிநீர் வழங்கும் சிற்றணை ஒன்றனை இம்மலரில் நினைத்தல் பொருத்தமுடைத்து.

நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இருபருவ மழையும் பெறும் பேறுடையது இந்நாடு. எனினும், பழையாற்றின் நீர் மட்டும் வயல்களுக்குப் போதாமை கண்ட முன்னோர், பறளியாற்று நீரைத் தடுத்துப் பழையாற்றிற்குத் திருப்பினர். அவ்வணை இன்றும் பாண்டியன் அணை என்றே வழங்குகின்றது. பிற்காலத்தே பேச்சிப்பாறை அணை, மிஞ்சின் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் 1897-இல் தொடங்கப்பெற்று 1906-இல் நிறைவுற்றது.

முக்கடல் அணையோ மிகச் சிறிது. பேச்சிப்பாறை 48 அடியும் பெருஞ்சாணி 77 அடியும் நீர் கொள்ள, இது கொள்வது 25 அடியே. ஆயினும் நாகர்கோவில் மக்களின் தாகம் தணிக்கும் பெருமை இதற்குண்டு.

அணையைக் காணச் செல்வோர் அருகிலுள்ள பூதப்பாண்டியைத் தொழாது மீளற்க. பாறையைக் குடைந்தமைத்த கருவறையில் பூதலிங்கப் பெருமான் வீற்றிருக்கின்றான்; அம்மை சிவகாமி. ஐம்பூதமும் அவனே என்பதைத் திருப்பெயரே நினைவூட்டும். ஊர்ப்பெயரைச் சங்ககாலப் பூதப்பாண்டியனோடு இயைத்துரைப்பர். அவன் பாட்டும் அவன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டும் புறநானூற்றில் உள. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் 1907-இல் பிறந்ததும் இவ்வூரே. வடக்கே அழகியபாண்டியபுரமும், அதற்கப்பால் மலையினின்று வீழும் உலக்கை அருவியும் காணத்தக்கன.

நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-இலும், தெ. தி. இந்துக் கல்லூரி 1952-இலும் தோன்றின. கல்வியால் நகர் வளர்ந்தது. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. மக்கள் பெருகினர், அணையின் 25 அடியோ பெருகவில்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர்மட்டம் அளவுகோலின் கீழெல்லைக்கும் தாழ்ந்துவிடுகின்றது.

கோபுரத்திற்குப் பொருளீந்த அன்பர்கள் குளத்தையும் மறத்தலாகாது. தூர் அகற்றுதலும், வரத்துக்கால் அடைபடாது காத்தலும், குப்பையும் வாடிய மாலையும் நீரில் எறியாமையும் திருப்பணியே. குளம் நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் சிற்றணையின் சுமை குறையும். நீறு பூசும் நெற்றியுடையார்க்கு நீரைப் பேணுதலும் சிவத்தொண்டாம்.

திருச்சிற்றம்பலம்.