ஸ்ராட் ஆகாத மோட்டர்

போன கோடையில் பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் தன்ரை பழைய அவுட்போர்ட் மோட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். கயிறு இழுத்து இழுத்துக் கை சோர்ந்துபோச்சு. நான் போய்ப் பார்த்தேன். போன வருசத்துப் பெற்றோல் உள்ளே கிடந்தது. அதை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, புதுப் பெற்றோல் நாலு துளி விட்டுப் பூட்டினேன். மூன்றாம் இழுவையில் பிடித்தது. எங்கே படித்தாய் என்று கேட்டார். கிளாலியில் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

இந்த மோட்டரைப் பெருவாரியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவரும் ஒரு நோர்வேக்காரர்தான். ஓலே எவின்றூட் 1877 இல் இங்கே பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். அவருக்கு முன்னரே கமரன் வாட்டர்மன் என்பவர் இப்படியொன்றைச் செய்திருந்தார். ஆனால் 1909 இல் எவின்றூட் விற்கத் தொடங்கிய 1.5 குதிரைவலு மோட்டர்தான் ஊர் ஊராகப் பரவியது. காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்க ஏரியில் துடுப்பு வலித்துப் போய், திரும்புவதற்குள் அது உருகிவிட்டதால் யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள்.

எங்கள் கரைக்கும் நோர்வேத் தொடர்பு இருக்கிறது. 1956 இல் நோர்வே வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரம் முன்னின்று தொடங்கியதுதான் சீநோர். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். பாயும் துடுப்பும் இருந்த இடத்துக்கு மெல்ல மெல்ல மோட்டர் வந்தது.

எங்கள் மோட்டர்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறினபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றித்தான் நிற்பாட்டுவார்கள். அப்போதுதான் அடுத்தநாள் காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்கும்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்க, வடக்குக்குப் பெற்றோல் தடை. ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகளும் அடைபட்டுப்போயின. 1992 அளவில் சனத்துக்கு மிஞ்சியது கிளாலிக் கடல்தான். ஒரு மோட்டர் வள்ளத்துக்குப் பின்னால் வேறு வள்ளங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு இருட்டில் போவார்கள். நாகதேவன்துறையில் கடற்படை. 1993 ஜனவரி 2 இல் அந்தக் கடலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள்.

அந்த நாட்களில் மாமா வள்ளத்தில் நான் கையாள். பெற்றோல் சூப்பிப் போத்தலில்தான் இருக்கும். நிற்பாட்டுவதற்குச் செலவழிக்கக் கட்டாது. மண்ணெண்ணெயிலேயே நின்ற இஞ்சின் மறுபடி லேசில் பிடிக்காது, பிளக்கும் கரிபிடித்துவிடும். ஒரு இரவு நடுக்கடலில் நின்றுவிட்டது. பின்னால் கட்டின வள்ளத்தில் ஒரு குழந்தை அழ, தாய் வாயைப் பொத்தினாள். வெளிச்சம் காட்ட ஏலாது. மாமா கைத்தடவலிலேயே பிளக்கைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, சூப்பியால் நாலு சொட்டு விட்டார்.

"இழடா தம்பி. பதறாத, ஒரே இழுவை."

இழுத்தேன். இருமிவிட்டுப் பிடித்தது.

அந்த மோட்டரில் பழுது ஒன்றுமில்லை. பழுது தடையில் இருந்தது. இதைக் கிழவருக்கு நோர்வே மொழியில் எப்படிச் சொல்வது?

கிளாலியைப் பற்றி எழுதுகிறவர்கள் தாக்குதலையும் திகதிகளையும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேணும். ஆனால் பள்ளிக்கூடம் முடிக்காத அந்த ஓட்டிகளின் கைப்பழக்கமும் எங்கள் வரலாறுதான். நீங்கள் அந்தக் கடலைக் கடந்திருந்தால் ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. உங்கள் வள்ளத்தை ஓட்டியவரின் பெயர் ஞாபகம் இருந்தால், எங்கேயாவது எழுதி வையுங்கோ.