செய்க என்றும், செய்தால் நலம் என்றும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள் பெரிய வடக்குச் சாலையில் செங்குன்றத்தையும் சோழவரத்தையும் கடந்துதான் போக வேண்டும். இரண்டும் ஏரிக்குப் பெயர் போன ஊர்கள். ஆனால் இரண்டுக்கும் ஆகாய விமான சம்பந்தம் ஒன்று உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப் படையின் 'காடலினா' என்னும் கடல் விமானங்கள் வாத்துக்களைப் போல வந்து இறங்கின. சோழவரத்தில் ஒரு ஓடுபாதை போட்டார்கள். யுத்தம் ஓய்ந்ததும் ஓடுபாதை அநாதையாயிற்று. பிறகு மோட்டார்ப் பந்தயக்காரர்கள் அதைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைகிற வரையில் அங்கேதான் புழுதி பறந்தது.

இப்போது அந்தச் சாலையில் கண்ணில் படுவதெல்லாம் லாரிகளும் இரும்பு ஆலைகளுமே. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக நீட்டும் உருட்டாலை ஒன்றில் வயர்மேனாக இருக்கும் ஒருவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ விமானத்துக்குப் போயிற்று. அவர் கேட்டார்: "ஏன் சார், ஏரோப்ளேன்ல லூஸ் கனெக்ஷன் வருமா? வந்தா என்ன பண்ணுவாங்க?"

வரும் என்றேன். என்ன பண்ணுவார்கள் என்பதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அது ஒரு நீண்ட சரித்திரம்.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாடா தபால் மூட்டைகளோடு புறப்பட்டுப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த 'பஸ் மாத்' விமானம் ஒற்றை எஞ்சின் பூச்சி. எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியை எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவே கொடுத்துவிடும். விமானி அறையில் மின்சாரக் கோளாறு வந்து விமானம் விழும் என்று அந்தக் காலத்தில் யாரும் இரவில் விழித்துக்கொண்டு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1934-இல் இந்திய விமானச் சட்டமும் 1937-இல் அதன் விதிகளும் வந்தன. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேறு சட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை: பறக்கத் தகுதி உள்ளது என்று சர்க்கார் சான்று கொடுத்த விமானம்தான் பறக்கலாம்.

யுத்தத்துக்குப் பிறகு விமானங்கள் பெருத்தன. அவற்றின் வயிற்றிலும் தலையிலும் மைல் கணக்கில் ஒயர் ஓடத் தொடங்கிற்று. அதோடு ஒரு தர்மசங்கடமும் பிறந்தது. விமானம் செய்யப்படுவது ஒரு நாட்டில், ஓடுவது இன்னொரு நாட்டில். கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் உத்தரவு போட வேண்டியது யார்? 1944-இல் சிகாகோவில் தேசங்கள் கூடிச் செய்த உடன்படிக்கையும், 1949-இல் அதற்குச் சேர்த்த எட்டாவது அநுபந்தமும் இதற்கு ஏற்பாடு செய்தன. நம் பாஷையில் சொன்னால், பெண்ணைப் பற்றிப் பிறந்த வீடு ஒன்றைக் கண்டுபிடித்தால் புகுந்த வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். புகுந்த வீடு அதைக் கேட்டு நடக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த போயிங்குக்கு வாஷிங்டன் உத்தரவு போட்டால், டில்லியிலுள்ள சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் அதை இங்கே அமுல் நடத்தும். இந்த உத்தரவுக்கு 'ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்' என்று பெயர். இத்தனை நாளுக்குள், அல்லது இத்தனை மணி நேரம் பறப்பதற்குள், இன்ன இடத்தைத் திறந்து இன்னதைச் செய் என்று அதில் எழுதியிருக்கும். செய்யாத விமானம் பறக்கக் கூடாது.

இதற்கு ஒரு தங்கச்சியும் உண்டு. அதன் பெயர் ஆலோசனைக் குறிப்பு. "செய்தால் நலம்" என்பதோடு அது நின்றுவிடும். அக்காளுக்கும் தங்கைக்கும் உள்ள வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். அது எவ்வளவு பெரியது என்பது பின்னால் வருகிறது.

1969 ஜனவரி 18-ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து யுனைடெட் கம்பெனியின் போயிங் 727 ஒன்று புறப்பட்டது. அதன் மூன்று ஜெனரேட்டர்களில் ஒன்று முன்னமே கெட்டிருந்தது. கெட்டதோடு எப்படிப் பறந்தார்கள் என்று கேட்காதீர்கள்; எந்தெந்தச் சாமான் கெட்டிருந்தாலும் புறப்படலாம் என்று ஒரு பட்டியலே உண்டு. இன்றைக்கும் உண்டு: 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கடன்காரனுக்குத் தவணை கொடுப்பதுபோல் அதில் தவணைகள் இருக்கின்றன. ஒரு எஞ்சினில் தீ எச்சரிக்கை வந்து அதை நிறுத்தினார்கள். அதன் ஜெனரேட்டரும் போயிற்று. மிச்சமிருந்த ஒன்றும் நின்றுவிட்டது. விமானி அறை இருண்டது. வானமும் கடலும் ஒரே கறுப்பு. எது மேல், எது கீழ் என்று காட்டும் கருவிகளும் மின்சாரத்தோடு செத்துவிட்டன. 38 பேரும் மாண்டார்கள்.

அதன் பிறகு பெரிய ஜெட் விமானங்களில் மூன்றாவது அடிவானக் கருவி ஒன்று, பிரதான மின்சாரத்தை நம்பாமல் தனி மின்சாரத்தில் ஓடுவதாக, 1971 ஆகஸ்டுக்குள் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க விதி ஏற்பட்டது.

மூன்றாவது கருவி இருந்தும் என்ன ஆயிற்று என்பதற்கு நம்முடைய துக்கமே சாட்சி. 1978 புத்தாண்டு தினம், இரவு எட்டே முக்கால் மணி சுமாருக்கு, ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானமான 'எம்பரர் அசோகா' பம்பாய் சாந்தா குரூஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. 190 பிரயாணிகள், 23 சிப்பந்திகள். வலப்பக்கம் மெல்லத் திரும்பிவிட்டு விமானம் நேராயிற்று. ஆனால் காப்டன் முன்னிருந்த செயற்கை அடிவானம் வலப்பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. எதிரே அரபிக்கடல், கரை விளக்குகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால். ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சரிபார்க்க ஒரு கோடுகூட இல்லை. வலப்பக்கம் சாய்ந்திருப்பதாக நினைத்த காப்டன் இடப்பக்கம் திருப்பினார். விமானம் நிஜமாகவே இடப்பக்கம் சாயத் தொடங்கிற்று.

துணை விமானியின் கருவி உண்மையைச் சொல்லிற்று. நடுவிலே மூன்றாவது கருவியும் இருந்தது. காப்டன் தம் கருவியில் ஏதோ கோளாறு என்று சொன்னார். துணை விமானி தம் கருவியைப் பார்த்துவிட்டு, அதுவும் கெட்டுவிட்டதோ என்று மயங்கினார். உண்மையில் அது கெடவில்லை, விமானம்தான் சாய்ந்திருந்தது. எஞ்சினீயர் அதை நம்பாதீர்கள் என்று எச்சரிக்க முயன்றார். ஓடுபாதையை விட்ட 101-ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது. பாந்த்ரா கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லை. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்திய விசாரணை, கருவி கெட்டதையும் சொல்லி, மற்றக் கருவிகளைக் கொண்டு சமாளிக்காமல் போனதையும் சொல்லிற்று. கருவி செய்தவர்கள் மீதும் போயிங் மீதும் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 1985-இல் தள்ளுபடியாயிற்று. எனக்கு இதில் மனசு ஆறவில்லை. மூன்று கருவிகளில் இரண்டு உண்மை பேசியபோதும் பொய் சொன்ன ஒன்றை நம்பினார்களே என்று நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லலாம். 101 விநாடி என்பது ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்ளும் நேரம்.

வயர்மேனிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு ஏற்றதாக ஜன்னல் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். விமானி அறையின் முன்கண்ணாடி பனி பிடிக்காமலும், பறவை மோதினால் நொறுங்காமலும் இருக்க அதைச் சூடாக வைத்திருப்பார்கள். கண்ணாடிக்கு மின்சாரம் போகும் இடத்தில் ஒரு டெர்மினல், அதில் ஸ்குரூ. போயிங் 757 முதலிய விமானங்களில் அந்த ஸ்குரூ சரியாகப் பிடிக்காமல் சூடேறிப் புகையும், சில சமயம் நெருப்பும் வந்தன. ஆகாயத்தில், விமானியின் முழங்காலுக்குப் பக்கத்தில்!

"இதுக்கு என்ன சார், ஸ்குரூவை முறுக்கினா தீர்ந்துது. எங்க ஆலையில வாரம் ஒண்ணு பார்க்கறேன்" என்றார் அவர்.

நியாயமான பேச்சுதான். ஆனால் மரை கோணலாக ஏறிய ஸ்குரூவும் கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். உள்ளே முனையை அழுத்தாது. அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "ஆமாம் சார், அதான் பெரிய வம்பு. முறுக்கியாச்சுன்னு நம்பிட்டுப் போயிடுவோம்" என்றார்.

2007-இல் அமெரிக்க விபத்து விசாரணைக் குழு, இந்த ஜன்னல்களைப் பற்றி உத்தரவு போடும்படி விமான இலாகாவைக் கேட்டுக்கொண்டது. 2008-இல் இலாகா ஒரு நகல் உத்தரவை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. கம்பெனிகள் அபிப்பிராயம் சொல்லின. அபிப்பிராயங்கள் படிக்கப்பட்டன. இதற்குள் 2010 மே மாதத்தில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு 757-இன் விமானி அறையில் நெருப்பு எழுந்து, கண்ணாடி வெடித்து, வாஷிங்டனில் அவசரமாக இறங்கினார்கள். உயிர்ச்சேதமில்லை. ஜூலையில் உத்தரவு வந்துவிட்டது: டெர்மினலைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், அல்லது ஸ்குரூவே இல்லாமல் செருகு முனை வைத்த புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டால் சோதனையிலிருந்து விடுதலை. மூன்று வருஷம் என்பது ஒரு ஸ்குரூவுக்கு அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவசர உத்தரவினால் ஆயிரக்கணக்கான டெர்மினல்களை அவசரக் கைகள் திறந்து மூடியிருந்தால் எத்தனை மரை கோணியிருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

தாமதம் எல்லாச் சமயத்திலும் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை. சில சமயம் விதியின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் விமானத்தில், விமானிகளின் மூக்குக்கு ஏதோ வாசனை எட்டிற்று. கூரைக்கு மேலே ஒயரில் பொறி தட்டி, வெப்பக் காப்புப் படுதாவின் பளபளப்பான உறை பற்றிக்கொண்டிருந்தது. அந்த உறை சர்க்கார் வைத்த தீப் பரீட்சையில் தேறிய உறை! புகை வந்தால் எந்த ஒயர் குற்றவாளி என்று கண்டுபிடிக்க, மின்சாரத்தைப் பகுதி பகுதியாக அணைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பட்டியலை முழுவதும் செய்து முடிக்க 20 முதல் 30 நிமிஷம் பிடிக்கலாம். வாசனை வந்ததற்கும் விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் மோதியதற்கும் இடையே இருந்தது சுமார் 21 நிமிஷம். 229 பேர்.

கனடா விசாரணை நான்கு வருஷத்துக்கு மேல் நடந்தது. அந்த உறையைக் கழற்ற வேண்டும் என்று 2000-இல் அமெரிக்க உத்தரவு வந்தது. தவணை 2005 நடுவரை. விமானத்தில் சர்க்யூட் பிரேக்கர் தானாக விழுந்தால், பறந்துகொண்டிருக்கும்போது அதைத் திரும்ப அமுக்காதே, உயிருக்கு அவசியமென்று காப்டன் கருதினாலொழிய, அப்போதும் ஒரே தடவைதான் என்ற வழக்கமும் அதன் பின்னால் கண்டிப்பாயிற்று. பியூஸ் போனால் இன்னும் கொஞ்சம் தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டுகிற நம் வீட்டு வைத்தியத்துக்கு நேர் விரோதம்.

இனித் தங்கச்சியின் கதை. 2018 டிசம்பரில் அமெரிக்க இலாகா ஒரு குறிப்பு அனுப்பிற்று. எஞ்சினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் விசைகள் விமானி அறையில் இருக்கின்றன. தெரியாமல் கை பட்டு மாறாதபடி அவற்றுக்கு ஒரு பூட்டு உண்டு. விசையைத் தூக்கித்தான் நகர்த்த முடியும். சில 737 விமானங்களில் அந்தப் பூட்டு விழாமலே விசைகள் பொருத்தப்பட்டிருந்தன. அதே அமைப்புள்ள மற்ற ரகங்களிலும் பார்த்துக்கொண்டால் நலம் என்றது குறிப்பு. உத்தரவு போடும் அளவுக்கு அபாயமில்லை என்று இலாகா கருதியது.

2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விமானம் புறப்பட்ட சில விநாடிகளில் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின் வந்த முதல் அறிக்கை, புறப்பட்டவுடன் அந்த இரண்டு எரிபொருள் விசைகளும் ஓடும் நிலையிலிருந்து அடைத்த நிலைக்கு மாறியதைப் பதிவு செய்திருந்தது. 2018 குறிப்பின்படி இந்த விமானத்தில் சோதனை நடக்கவில்லை என்றும், காரணம், அது ஆலோசனையே தவிர உத்தரவு அல்ல என்றும் எழுதியிருந்தது. பூட்டுக் கோளாறினால் விபத்து நேர்ந்தது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நாமும் சொல்லக் கூடாது. 2023-இலிருந்து அந்த விமானத்தில் விசைகளைப் பற்றிப் புகார் எதுவும் எழவில்லை என்றும் அதே அறிக்கை சொல்லுகிறது.

ஆனால் ஜூலை 14-ஆம் தேதி டில்லியிலிருந்து உத்தரவு பிறந்தது. ஆறரை வருஷமாக "செய்தால் நலம்" என்று இருந்தது, ஒரு வாரத்தில், அதாவது 21-ஆம் தேதிக்குள், "செய்க" ஆயிற்று. ஏர் இந்தியா தன் 787, 737 விமானங்களின் விசைகளையெல்லாம் பார்த்து முடித்தது. பூட்டுக்கள் சரியாக இருந்தன.