சாய்ஞ்ச பயிருக்கு மேல் எதுன்னு யார் சொன்னது?

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. சிதம்பரம் பக்கம் எங்க சம்பா மொத்தமா படுத்துடுச்சு. அறுத்து மாட்டுக்குப் போட்டுடலாம்னு சொன்னேன். அப்பா விடல.

"முத்தின கதிரு எழுந்திருக்காது. பின்னாடி நட்ட காணி இன்னும் தொண்டைக் கதிருதான். தண்ணிய வடிச்சுட்டு, யாரும் கால் வைக்காம விடுங்க."

சில நாள்ல அந்தப் பயிர் கணுவுல முட்டி மடக்கினாப்ல வளைஞ்சு, நுனி மேல பார்த்து நின்னுச்சு. வெளிச்சத்தைத் தேடித்தான் எழுந்திருக்குன்னு அப்போ நினைச்சேன். பிறகு படிச்சப்பதான் இதுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்குன்னு தெரிஞ்சுது.

1806ல இங்கிலாந்துல தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், ஓடைத் தண்ணியால சுத்துற சக்கரத்துல முளைக்கிற விதைகளைக் கட்டிவச்சார். வேரெல்லாம் வெளிப்பக்கமா ஓடுச்சு; முளையெல்லாம் சக்கரத்தோட நடுவை நோக்கி வளர்ந்துச்சு. எந்தப் பக்கம் இழுவிசை இருக்கோ, அதுதான் செடிக்குக் கீழ்ப்பக்கம்.

அந்த இழுவையைச் செடி எப்படி உணருது? 1900ல நெமெக், ஹாபர்லாண்ட் ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே பதிலைச் சொன்னாங்க. சில செல்களுக்குள்ள கனமான மாவுமணிகள் இருக்கு. பானையைச் சாய்ச்சா உள்ளே அரிசி சரியிற மாதிரி, செடி சாய்ஞ்சா மணிகள் புது அடிப்பக்கத்துல போய்ப் படியும். அதன் பிறகு ஆக்சின்ங்கிற வளர்ச்சிப்பொருள் அந்தப் பக்கம் கூடுதலாச் சேரும். தண்டுல அடிப்பக்கம் அதிகமா நீளும், அதனால தண்டு மேல வளையும். வேர்ல நேர்மாறு.

நம்ம நாட்டுலயும் இந்தக் கேள்வியைத் தொட்டவர் உண்டு. 1917ல கல்கத்தாவுல போஸ் நிறுவனத்தைத் தொடங்கின ஜகதீஷ் சந்திர போஸ், மெல்லிய மின் ஊசியைத் தண்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பார்த்தார். செடியைப் படுக்க வச்சப்ப மின்மாற்றம் அதிகமாத் தெரிஞ்சது, மாவுமணிகள் இருக்கிற அடுக்குலதான்.

வயல் தண்ணியில வளர்ற காரா பாசி இன்னும் விசேஷம். அதோட வேர் போன்ற இழை ஒவ்வொண்ணும் ஒரே செல். நுனியில மாவுமணிக்குப் பதிலா பேரியம் சல்பேட் படிகங்கள். ஒரே செல்லுக்கே கீழ் எதுன்னு தெரியுது!

நெல்லுல இந்த வளைவு கணுவை ஒட்டின இலையுறை அடியில நடக்குது. அங்க வளர்ற சக்தி இருக்கிறவரைக்கும்தான் பயிர் எழும்பும். முத்தின தாள்ல அது நின்னுபோகும். கதிர்க் கனம் வேற. அப்பா சொன்னதும் இதைத்தான்.

முத்தின வயல்ல கிடைச்சதைக் கையறுப்பா எடுத்தோம். பின்னாடி நட்ட அந்த ஒரு காணிதான் அந்த வருஷம் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுச்சு. காத்து மழையில பயிர் சாய்ஞ்சா, அரிவாளை எடுக்கிறதுக்கு முன்னாடி கதிரோட வயசைப் பாருங்க.