காணாக்கடிக்குப் பின் கை, கால்களில் நீடிக்கும் அரிப்பும் மதமதப்பும்

தோல் திடீரெனத் திட்டுத் திட்டாகத் தடித்து, சிவந்து, கடுமையாக அரிக்கும் நிலையை மருத்துவத்தில் அர்ட்டிகேரியா என்பர். நம் மக்கள் அதனைக் காணாக்கடி என்று வழங்குகின்றனர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்ற எண்ணத்தில் எழுந்த பெயர் இது. ஆயினும் பெரும்பாலான வேளைகளில் எதுவும் கடித்திருப்பதில்லை. தடிப்பு மறைந்த பிறகும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் அரிப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு ஆகியவை சிலருக்குத் தொடர்கின்றன. இவற்றுள் சில தாமாகவே அடங்கிவிடும். சில, காணாக்கடியுடன் தொடர்பில்லாத வேறொரு நோயின் அறிகுறிகளாகும். இரண்டையும் பிரித்தறிய இப்பக்கம் உதவும்.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய நிலை

உணவு, மாத்திரை, ஊசி, குளவிக் கொட்டு ஆகியவற்றுக்குப் பின் சில நிமிடங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்குவது, உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனுடன் பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

• உதடு, நாக்கு வீங்குதல், குரல் கம்முதல்
• மூச்சுத் திணறல், இழுப்பு
• தலைசுற்றல், மயக்கம்
• தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி

இந்நிலையில் உயிர் காக்கும் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியாகும். அரிப்புக்கான மாத்திரை அதற்கு மாற்றாகாது. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உட்கார வைக்கலாம். ஒருமுறை அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்தில் மீண்டும் தோன்றக்கூடும். ஆகவே, மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்குமாறு கூறினால் அவசரப்பட்டு வீடு திரும்பாதீர்கள்.

தடிப்பு மறைந்தும் அரிப்பு நீடிப்பது ஏன்?

தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது நுண் இரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் கசியச் செய்வதால் தடிப்பும், நரம்பு முனைகளைத் தூண்டுவதால் அரிப்பும் உண்டாகின்றன. ஒரு தனித் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்திற்குள் சுவடின்றி மறையும். ஆனால் புதிய தடிப்புகள் வேறிடத்தில் எழலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிமனாக இருப்பதால், அங்கு வீக்கம் வெளியே தெரியாமல் அரிப்பும் கூச்சமும் மட்டும் உணரப்படலாம்.

அழுத்தத்தால் வரும் வகையும் உண்டு. மூட்டை சுமத்தல், மண்வெட்டி பிடித்தல், ஏணியில் நீண்ட நேரம் நிற்றல் போன்ற வேலைகளுக்கு 4 முதல் 6 மணி நேரம் கழித்து உள்ளங்கை அல்லது உள்ளங்கால் வீங்கி, வலித்து, எரியும். இது 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். பகல் வேலையின் விளைவு இரவில் தெரிவதால், பலர் இரவு உண்ட உணவையே காரணமாகக் கருதிவிடுகின்றனர்.

அரிப்பா, மதமதப்பா?

சொறியத் தூண்டுவது அரிப்பு. மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு ஆகியவை நரம்பு சார்ந்தவை. காணாக்கடி பொதுவாக நரம்பைப் பழுதாக்குவதில்லை. ஆகவே மதமதப்பு வாரக்கணக்கில் நீடித்தால் பிற காரணங்களைத் தேட வேண்டும்.

• இரு கால்விரல்களிலும் தொடங்கி மெல்ல மேலேறும் மதமதப்பு: நீரிழிவு, வைட்டமின் பி12 குறைபாடு, மதுப்பழக்கம். மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்வோருக்கு பி12 குறையலாம்.
• இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தல்: மணிக்கட்டில் நரம்பு அழுந்துதல்.
• காசநோய் சிகிச்சையில் இருப்போருக்கு மதமதப்பு: ஐசோநியாசிட் மருந்தின் விளைவாக இருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். வைட்டமின் பி6 தரப்படும்.
• அரிப்பே இல்லாத, உணர்ச்சி குன்றிய வெளிர் அல்லது செந்நிறத் தேமல்: தொழுநோயா எனப் பரிசோதிக்க வேண்டும். கூட்டு மருந்து சிகிச்சை அரசு நிலையங்களில் இலவசம். தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் ஊனத்தைத் தடுக்கலாம்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில், தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால், அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இது குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நம் பகுதித் தொழில்களும் தோலும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேப்பூர் வட்டார ஊர்களிலிருந்தும் வேலைக்குச் செல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். ஈரக் களிமண்ணும் வார்ப்பு அச்சுக்கான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி, வறட்சியும் வெடிப்பும் அரிப்பும் தரும். சூளையின் வெப்பமும் வியர்வையும் காணாக்கடியைத் தூண்டும். மெருகுப் பூச்சில் ஈயச் சேர்மம் கலந்திருந்தால் அது உடலில் சேர்ந்து நரம்புகளைப் பாதிக்கலாம்; மணிக்கட்டு தளர்ந்தால் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்க வேண்டும். உணவருந்தும் முன் கைகளைச் சோப்பினால் கழுவுங்கள்.

முந்திரிக் கொட்டை உடைப்போருக்கு, ஓட்டிலுள்ள எண்ணெய் கையில் பட்டுக் கொப்புளமும் தோலுரிதலும் ஏற்படும். வயலோரப் பார்த்தீனியச் செடியும் தோல் ஒவ்வாமை தரும். இவை நாள்கணக்கில் நீடிப்பவை. 24 மணி நேரத்தில் மறையும் காணாக்கடி அல்ல. விரலிடுக்குகளில் இரவில் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவினால் அது சிரங்கு. குடும்பத்தினர் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து தடவ வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின்னும் அது அங்கேயே இருந்தாலோ, வலித்தாலோ, கன்றிய நிறம் விட்டுச் சென்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம்.
• உண்டது, செய்த வேலை, மருந்து, அரிப்பு தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.
• குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள். வெந்நீர்க் குளியல், இறுக்கமான காலணி ஆகியவற்றைத் தவிருங்கள். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவலாம்.
• மரத்துப்போன கால்களில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமல் புண்ணாகும்.

மாத்திரை பற்றி

செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரட்டடின் போன்றவை பயன்படுகின்றன. அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவில் போன்ற பழைய வகை மாத்திரைகள் தூக்கம் தரும். உட்கொண்டபின் வாகனம் ஓட்டவோ சூளை அருகில் வேலை செய்யவோ கூடாது. செட்ரிசின் அல்லது லெவோசெட்ரிசினைப் பல மாதங்கள் தினமும் உட்கொண்டு நிறுத்தும்போது, அரிதாகச் சிலருக்குக் கடும் அரிப்பு வரலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்துள்ளது. நீண்டகாலம் உட்கொண்டவர்கள் மருத்துவர் ஆலோசனையுடன் நிறுத்துங்கள்.

உடனே குணம் தருவதாகக் கூறி, பெயர் தெரியாத ஊசியோ மாத்திரையோ தருவோரிடம் செல்லாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பு ஒரே நாளில் அடங்கும். ஆனால் தொடர்ந்து எடுத்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயரும், எலும்பு பலவீனமாகும்.

எங்கு, எப்போது செல்வது?

காணாக்கடி 6 வாரங்களுக்கு மேல் வந்து போனாலும், மதமதப்பு 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். சர்க்கரை அளவும் பாதங்களின் உணர்ச்சியும் அங்கேயே பார்க்கப்படும். தேவைப்பட்டால் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். கை வீக்கம் அல்லது கால் வலுவிழப்பு திடீரெனத் தோன்றினால் அன்றே செல்லுங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்திற்கு 108.