‘சுல்தானாவின் கனவு’: பெண்ணுலகக் கதையொன்றின் அச்சு வரலாறு

ஒரு நூல் நிலைத்து நிற்பதும் மறைந்தொழிவதும் அதன் இலக்கியத் தகுதியையே பொறுத்தன என்பது திறனாய்வாளர் பலரும் ஐயுறாது ஏற்றுக்கொண்டுள்ள கொள்கையாகும். காலம் என்னும் சல்லடை பதரை ஒதுக்கி மணியை வைத்திருக்கும் என்பர். ஆயின் அச்சு வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு அச்சல்லடையைப் பிடித்திருக்கும் கைகளும் புலனாகும். எதனை அச்சேற்றுவது, எதனை மறுபதிப்புச் செய்வது, எதனைக் களஞ்சிய அறையின் இருளில் விட்டுவைப்பது என்னும் முடிவுகள் அச்சுப்பொறியையும் மூலதனத்தையும் உடைமையாகக் கொண்டோரின் முடிவுகளே. பெண்களை நடுநாயகமாகக் கொண்ட கற்பனையுலகக் கதைகளின் வரலாறு இவ்வுண்மையை ஏனைய இலக்கிய வகைகளிலும் பார்க்கத் துலக்கமாகக் காட்டுகின்றது. அவற்றுள்ளும் 1905 ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதல் அச்சேறிய ஒரு சிறு ஆங்கிலக் கதையின் வரலாறு தனியே ஆராயத்தக்கது.

‘சுல்தானாவின் கனவு’ என்னும் அக்கதையை எழுதியவர் றொக்கேயா சகாவத் ஹுசைன். 1880 இல், இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த றங்பூர்ப் பகுதியிலுள்ள பைராபந்த் என்னும் ஊரில், நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர் பள்ளி வாயிலை மிதித்தவரல்லர். அக்குடும்பத்துப் பெண்களுக்கு அரபு எழுத்துக்களும் உருதும் போதுமெனக் கருதப்பட்டன. தமையன் இப்ராகிம் இரவில் வீடு உறங்கியபின் கற்பித்த ஆங்கிலமும், தமக்கை கரிமுன்னிசா ஊட்டிய வங்காளமுமே அவரது கல்வி. பாகல்பூரில் அரச உத்தியோகத்திலிருந்த கணவர் சகாவத் ஹுசைன் மனைவியின் எழுத்தை ஊக்குவித்தவர். அவர் கடமையின் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த வேளையிற் பொழுதுபோக்காக எழுதப்பட்டதே இக்கதை என்றும், திரும்பி வந்தவர் நின்றநிலையிலேயே படித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்னும் பொருள்பட மொழிந்தார் என்றும் றொக்கேயாவே பின்னர் குறிப்பிட்டுள்ளார். கணவரின் அக்கூற்றைக் கதைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் எனலாம். பின்வந்தவை பலவற்றிலும் பார்க்க அது பொருத்தமானதுமாகும்.

இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியவாறு சாய்நாற்காலியிற் கண்ணயரும் சுல்தானாவை, சாரா என்னும் தோழி அறியாத நாடொன்றிற்கு அழைத்துச் செல்கிறாள். அங்கு தெருக்களிற் பெண்களே நடமாடுகின்றனர். ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டுள்ளனர். சமையலறையைக் காணச் சுல்தானா செல்லும்போது, பெண்ணொருத்தி வருகிறாள் என்று முன்னறிவிக்கப்பட்டமையால் ஆண்கள் அவ்விடத்தைவிட்டு ஒதுங்கிவிடுகின்றனர். இச்சிறு காட்சி முழுக்கதையின் முறைமையையும் காட்டிவிடுகின்றது. இக்காட்சியிற் பர்தா முறையைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அது அப்படியே மறுபுறம் திருப்பி வைக்கப்படுகின்றது. வாசகர் முதலிற் சிரிக்கிறார்; அதன் பின்னரே, தாம் சிரித்தது தம் வீட்டு வழக்கத்தையே என உணர்கிறார்.

அந்நாட்டின் வரலாறு இன்னும் சுவையானது. பெண்களுக்கென அமைந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்று முகிலிலிருந்து நீரை நேரே இறக்கிக்கொள்ளும் பெரும் பலூனை ஆக்குகின்றது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியை ஆக்குகின்றது. ஆண்கள் இவற்றை எள்ளி நகையாடிப் படைக்கலம் பெருக்குகின்றனர். அயல்நாட்டுப் படையெடுப்பில் அவர்கள் தோற்று ஓடியபோது, இரண்டாவது பல்கலைக்கழகத்தின் தலைவி ஒரு நிபந்தனையின் பேரில் நாட்டைக் காக்க முன்வருகிறாள்: பெண்கள் வெளியே வருமுன் ஆண்கள் அந்தப்புரத்தினுட் செல்லவேண்டும். களைத்துக் காயமுற்றிருந்த ஆண்கள் மறுப்பின்றிச் செல்கின்றனர். அவள் இரண்டாயிரம் மாணவியரோடு போர்க்களம் சென்று திரட்டிய சூரியக் கதிர்களைப் பகைவர்மீது செலுத்த, அவர்கள் வெப்பம் தாளாது ஓடுகின்றனர். உள்ளே சென்ற ஆண்கள் பின்னர் வெளியே அழைக்கப்படவில்லை. போரை வென்றது படையன்று, ஆய்வுகூடம் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இந்தியாவில் முஸ்லிம் பெண்ணொருத்திக்குப் பள்ளிக்கூடமே அரிதாயிருந்த காலத்தில் இருபெரும் பெண் பல்கலைக்கழகங்களைக் கற்பனை செய்த இவ்வாசிரியை, கணவர் மறைந்த 1909 ஆம் ஆண்டிலேயே பாகல்பூரில் அவர் பெயராற் பெண்கள் பள்ளியொன்றைத் தொடங்கியதும், 1911 இல் அதனைக் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் நிறுவியதும் அக்கனவின் தொடர்ச்சியே.

கதையின் எல்லையையும் சுட்டாது விடலாகாது. தன் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவதாகச் சொல்கிறாள் சாரா. வயலை மின்னாற்றல் உழுகின்றது. கூலிக்கு உழைப்போர் கண்ணிற் படுவதில்லை. நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தவரின் கனவில் உழவர் இடம்பெறாமை வியப்பன்று. அத்துடன் அரசியும் அரச மாளிகையும் அப்படியே இருக்கின்றன. பால் அடிப்படையிலான அதிகாரம் தலைகீழாகின்றதேயன்றி அதிகாரம் என்னும் அமைப்பு அசைக்கப்படவில்லை. ஆயினும் அங்கதத்தை அரசியற் கொள்கை அறிக்கையாகப் படிப்பது தவறு. அக்கதை முன்மொழிவதன்று, காட்டிக் கொடுப்பது.

வங்காளத்தில் வாழ்ந்த ஒருவர் எழுதிய இக்கதை சென்னையில் அச்சேறியது எவ்வாறு? விடை ஒரு பெண்ணின் பத்திரிகையில் உள்ளது. கமலா சத்தியநாதன் 1901 இல் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மகசீன்’ என்னும் ஆங்கில மாத சஞ்சிகையைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் முதன்முதற் கலைமாணிப் பட்டம் பெற்ற பெண்களுள் ஒருவர் அவர். அவரது கணவர் சாமுவேல் சத்தியநாதன் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர். ‘சகுணா’, ‘கமலா’ ஆகிய ஆங்கில நாவல்களை எழுதி இளவயதில் மறைந்த கிருபாபாய் அவருடைய முதல் மனைவி. 1906 இல் கணவரை இழந்த பின்னரும் கமலா சஞ்சிகையைக் கைவிடவில்லை. 1918 வரை நடந்து நின்ற அது, 1927 இல் மீண்டும் தொடங்கி 1938 வரை வெளிவந்தது. சரோஜினி நாயுடு அதில் எழுதியவர்களுள் ஒருவர். றொக்கேயாவின் கதை வெளிவந்த அதே 1905 ஆம் ஆண்டில், அதே சென்னையில், ‘சக்கரவர்த்தினி’ என்னும் தமிழ்ப் பெண்கள் மாத இதழ் சுப்பிரமணிய பாரதியை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியதையும் இவ்விடத்திற் சேர்த்து நோக்கலாம். பெண் கல்வி பற்றிய பேச்சு அந்நகரின் அச்சகங்களில் இரு மொழிகளில் ஒரே காலத்தில் எழுந்தது. ஆயினும் தமிழிதழை நடத்தியவர் ஆண், ஆங்கில இதழை நடத்தியவர் பெண்.

ஆங்கிலமும் தொலைவும் றொக்கேயாவுக்கு ஒருவகைக் காப்பாகவும் அமைந்தன எனக் கொள்ள இடமுண்டு. 1904 இல் ‘நபநூர்’ என்னும் வங்காள ஏட்டில் பெண்களின் தாழ்நிலை பற்றி அவர் எழுதிய கட்டுரை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. சமய நூல்களுக்கு ஆணே ஆசிரியன் என்னும் கருத்துப்பட அமைந்த பந்திகள், அக்கட்டுரை ‘மொதிசூர்’ தொகுப்பிற் சேர்க்கப்பட்டபோது நீக்கப்பட்டன. நேர் வாதமாகச் சொன்னபோது வெட்டப்பட்ட சினம், அடுத்த ஆண்டே கனவாகவும் நகையாகவும் உருமாறி வெட்டுண்ணாது வெளிவந்தது. கற்பனைக் கதை வாழ்க்கையினின்று தப்பியோடும் வழி என்போர் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1908 இல் கல்கத்தாவிற் கதை நூலுருப் பெற்றது. ஆசிரியையே ஆக்கிய வங்காள வடிவம் 1922 இல் ‘மொதிசூர்’ இரண்டாம் பாகத்திற் சேர்ந்தது. 1932 டிசம்பர் 9 இல் றொக்கேயா மறைந்தார். வங்காளிகள் அவரை மறந்தனர் என்பது தவறு. 1973 இல் டாக்கா வங்காள அக்கடமி அவரது ஆக்கங்களைத் தொகுத்து வெளியிட்டது. ஆயினும் கல்வித் தொண்டராக அவர் போற்றப்பட்ட அளவிற்குக் கற்பனையாசிரியராகப் பேசப்படவில்லை. ஆங்கில வடிவமோ ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வெளியுலகின் பார்வைக்குத் தப்பியிருந்தது.

இதற்கு இணையான மற்றொரு வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் 1909 முதல் 1916 வரை ‘த போர்றன்னர்’ என்னும் மாத இதழைத் தாமே எழுதித் தாமே வெளியிட்டார். ஆண்களற்ற நாடொன்றைச் சித்திரிக்கும் ‘ஹேர்லாண்ட்’ 1915 இல் அதிலேயே தொடராக வந்தது. அவர் 1935 இல் மறைந்தார். அந்நாவல் 1979 வரை நூலாகவில்லை. றொக்கேயாவின் நாட்டில் ஆண்கள் உள்ளே இருக்கின்றனர். கில்மனின் நாட்டில் அவர்கள் இல்லவே இல்லை. கில்மனின் நூலில் இனத் தூய்மை பற்றிய கருத்துக்கள் படிந்துள்ளன. அறிவுரை சொல்லும் தொனியும் மிகுதி. சிரிக்கத் தெரிந்தவர் பைராபந்துக்காரரே. இருவரையும் இணைப்பது, முதற்பதிப்பு பெண்ணொருத்தி நடத்திய ஏட்டில் அமைந்தமையும், ஏடு நின்றதும் கதையும் வாசகர் கண்ணுக்கு மறைந்தமையுமாகும்.

இவை மீண்டது 1970களிற் பெண்கள் தமக்கெனப் பதிப்பகங்களை நிறுவியபோதேயாம். புளோரன்ஸ் ஹவ் 1970 இல் அமெரிக்காவில் ‘பெமினிஸ்ற் பிறெஸ்’ஸைத் தொடங்கினார், மறக்கப்பட்ட பெண் எழுத்தாளரை மறுபதிப்புச் செய்வது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. கில்மனின் ‘மஞ்சட் சுவர்த்தாள்’ என்னும் சிறுகதையை 1973 இல் தனிநூலாக்கியது அதுவே. 1988 இல், றௌஷன் ஜகானைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, ‘சுல்தானாவின் கனவு’ம் பர்தாவின் கொடுமைகளை விவரிக்கும் ‘அபரோத்பாசினி’யின் பகுதிகளும் அடங்கிய நூல் அங்கிருந்து வெளிவந்தது. இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் இக்கதை பாடமாவதற்கு வழிதிறந்தது அப்பதிப்பே. இந்தியாவிலும் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984 இல் டில்லியில் ‘காளி போர் விமன்’ பதிப்பகத்தை நிறுவியிருந்தனர். 2003 இல் அது பிரிந்தபோது தோன்றிய இரண்டனுள் ஒன்றான ‘சுபான்’, இராமாயணத்தை அடியொற்றிய கற்பனைக் கதைகளின் தொகுதியொன்றை 2012 இல் வெளியிட்டது.

இலண்டனில் நிகழ்ந்தது சற்றே வேறானது. அங்கு 1977 இல் நிறுவப்பட்ட ‘த விமென்ஸ் பிறெஸ்’ 1985 இல் பெண்களின் அறிவியற் புனைகதைக்கென ஒரு தனி வரிசையைத் தொடங்கியது. ஜொஆனா றஸ், ஒக்ரேவியா பட்லர் முதலியோரின் நாவல்கள் ஒரே தோற்றமுடைய சாம்பல்நிற முதுகுகளோடு புத்தகக் கடைகளில் வரிசையாக நின்றன. வாணிக நோக்கிற்கு இது ஒரு விற்பனை உத்தியாகத் தோன்றலாம். இலக்கிய வரலாற்று நோக்கில் அதன் பயன் பெரிது. தனித்தனியே விதிவிலக்குகளாகக் கருதப்பட்டு வந்த நூல்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்றபோது, ஒரு மரபாகத் தென்பட்டன. பெண்ணொருத்தியின் எழுத்து அடக்கப்படும் வழிகளுள் ஒன்று, அவள் ஒருத்தியே என்று சொல்லிவிடுவதாகும் என்பதை றஸ் தம் விமர்சன நூலில் 1983 இலேயே விளக்கியிருந்தார். ஜேம்ஸ் ரிப்றி என்னும் பெயரில் எழுதியவர் அலிஸ் ஷெல்டன் என்னும் பெண்ணே என்பது 1977 அளவில் வெளிப்படும்வரை, அந்நடை ஆணுக்கே உரியதென அடித்துக் கூறிய விமர்சனமும் இருந்தது.

அவ்வரிசை நெடுநாள் நிலைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. ‘த விமென்ஸ் பிறெஸ்’ஸின் மூலதனம் நயீம் அத்தல்லா என்னும் வணிகரின் நிறுவனக் குழுமத்தினது. 1973 இல் கார்மென் கலில் தொடங்கிய ‘விறாகோ’வும் பல கை மாறி 1995 இல் ‘லிற்றில் பிறவுண்’ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பெண்களின் பதிப்பகம் என்னும் பெயர்ப்பலகையும் பெண்களின் மூலதனமும் ஒன்றல்ல. ஆசிரியர் குழுவைப் பெற்றவர்கள் அச்சகத்தைப் பெற்றுவிட்டதாக எண்ணியதே அத்தலைமுறையின் பிழை எனலாம். இதனை உணர்ந்தோர் சிறிய அளவிலேனும் தம் உடைமையாக நடத்த முற்பட்டனர். எல். ரிம்மெல் டுஷாம் 2004 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் தொடங்கிய ‘அக்குவடக்ற் பிறெஸ்’ அத்தகையது. அவ்வாண்டில் அது வெளியிட்ட குவினெத் ஜோன்ஸின் ‘லைவ்’ என்னும் நாவல் பிலிப் கே. டிக் பரிசைப் பெற்றது.

‘சுல்தானாவின் கனவு’ முதலில் அச்சேறி நூறாண்டு நிறைந்த 2005 இல், கீதா வூல்வ் 1994 இல் நிறுவிய ‘தாரா’ என்னும் சிறு பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட்டது. படங்களை வரைந்தவர் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர் துர்காபாய். நூல் வெளிவந்த இடம் சென்னை.